பதிவேற்ற உரிமையும் மொழிபெயர்ப்பாளர் நிலையும்: டெபியன் திட்டத்தின் சேர்க்கை முறை வரலாறு

முன்னுரை

கட்டற்ற மென்பொருளை எவரும் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆயின், அம்மாற்றத்தைப் பொதுத் தொகுப்பில் சேர்க்கும் உரிமை எல்லார்க்கும் உரியதன்று. மாற்றும் உரிமை வேறு; பதிவேற்றும் உரிமை வேறு. முன்னதை உரிமம் வழங்குகிறது. பின்னதை அம்மென்பொருளைப் பேணும் சமூகம் வழங்குகிறது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளரை நேரடியாகப் பாதிப்பதாகும். ஓர் இயங்குதளம் தமிழிலோ கன்னடத்திலோ பேசவேண்டுமாயின் மொழிபெயர்ப்பு நிறைவுற்றால் மட்டும் போதாது. உரிமை பெற்ற ஒருவர் அதனைத் தொகுப்பில் ஏற்றவும் வேண்டும்.

இவ்வுரிமையை வேண்டி விண்ணப்பிக்கும் முறை டெபியன் இயங்குதளத் திட்டத்தில் எவ்வாறு உருவாயிற்று, இந்தியச் சூழலில், சிறப்பாகப் பெங்களூருவில், அதற்கு எத்தகைய தடைகளும் வாய்ப்புகளும் இருந்தன, மொழிபெயர்ப்பாளரை அது எந்நிலையில் வைத்தது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். டெபியன் இங்கு எடுத்துக்கொள்ளப்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. தன் அடிப்படை விதிகளை எழுத்தில் வைத்து, வாக்கெடுப்பின் வழியே மாற்றி வந்த திட்டம் அது. ஆதலின் அதன் வரலாற்றை வரையறுத்துக் கூற இயலும். மேலும், 2004இல் தோன்றிய உபுண்டு, இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் ஆகிய இயங்குதளங்கள் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை. டெபியனில் ஏறிய ஒரு தமிழ்த் தொடர் பிற இயங்குதளங்களுக்கும் சென்று சேர வழியுண்டு.

1. உறுப்புரிமையும் பதிவேற்ற உரிமையும்

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயான் மர்டாக் 1993 ஆகஸ்டு 16ஆம் நாள் டெபியன் திட்டத்தை அறிவித்தார். தம் பெயரையும் டெப்ரா என்னும் தம் தோழியின் பெயரையும் இணைத்து அவர் அதற்குப் பெயரிட்டார். தொடக்கக் காலத்தில் இணைய விரும்பியவர் மிகச் சிலர். அவர்களைச் சேர்த்துக்கொள்வதில் விரிவான விதிகள் எவையும் இல்லை. 1997 ஜூலையில் டெபியனின் சமூக ஒப்பந்தமும், கட்டற்ற மென்பொருள் எது என வரையறுக்கும் வழிகாட்டு நெறிகளும் ஏற்கப்பட்டன. 1998 டிசம்பரில் திட்டத்தின் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது.

இவ்வரசமைப்பின்படி ‘உருவாக்குநர்’ எனப்படுவோரே வாக்குரிமை உடையவர். அவர்கள் ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுப்பர். பொதுத் தீர்மானங்களின் வழித் தலைவரின் முடிவையும் மாற்றுவர். நடைமுறையில் உருவாக்குநர் ஆவதும் பதிவேற்ற உரிமை பெறுவதும் ஒன்றாகவே இருந்தன. தொழில்திறன் ஒன்றும் குடியுரிமை ஒன்றுமாக இரண்டு வேறு பொருள்கள் ஒரே சொல்லில் பிணைந்திருந்தன. பின்னர் எழுந்த சிக்கல்கள் பலவற்றிற்கு இப்பிணைப்பே அடிப்படை எனலாம்.

பதிவேற்ற உரிமையின் ஆற்றல் யாது என்பதையும் இங்கு விளக்குதல் வேண்டும். டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ‘பொதி’யாக அமைகிறது. உருவாக்குநர் ஒரு பொதியை ஆக்கி, தம் மறைத் திறவுகோலால் அதில் மின்கையொப்பமிட்டு, மையத் தொகுப்புக்கு அனுப்புகிறார். அக்கையொப்பம் திட்டத்தின் திறவுகோல் கோவையில் உள்ளதா என்பதைத் தொகுப்பின் நிரல் சரிபார்க்கிறது. உள்ளதாயின் பொதி ஏற்கப்படுகிறது. ஏற்கெனவே தொகுப்பில் இடம்பெற்ற பொதியின் புதிய பதிப்பை ஒவ்வொரு முறையும் வேறொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் அளிப்பதில்லை. அப்பொதி நிறுவப்படும்போது கணினியின் முழு அதிகாரத்துடன் இயங்குகிறது. ஆகவே, கையொப்பம் ஒன்றே காவல்.

இக்காவல் நல்லெண்ணம் உடையவரிடமும் தவறக்கூடும் என்பதற்கு 2008 மே மாதம் வெளிப்பட்ட நிகழ்ச்சி சான்று. ஓபன் எஸ்எஸ்எல் என்னும் மறையாக்கப் பொதியில் 2006இல் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம், எச்சரிக்கைச் செய்தியை நீக்கும் நோக்குடன் செய்யப்பட்டது. அதன் விளைவாக டெபியனிலும் அதன் வழித்தோன்றல்களிலும் உருவான திறவுகோல்கள் எளிதில் கணிக்கத்தக்கனவாயின; அவை அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. தீய எண்ணம் உடையவரிடம் அக்காவல் எவ்வாறு தவறும் என்பதை 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளில் கண்டறியப்பட்ட சதி காட்டிற்று. தம்மை யாரென்று எவரும் நேரில் அறியாத ஒருவர், ஆண்டுக்கணக்கில் பயனுள்ள பணி செய்து அம்மென்பொருளின் பேணுநர்களுள் ஒருவரானார். பின்னர் அதில் கள்ள வாயில் ஒன்றை மறைத்து வைத்தார். அம்மென்பொருள் டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்து சேர்ந்திருந்தது. நிலையான வெளியீட்டில் நுழையவில்லை. சேர்க்கை முறையின் கடுமை வெறும் சடங்கன்று என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் போதிய சான்றுகளாகும்.

2. சேர்க்கை அடைக்கப்பட்டதும் திறக்கப்பட்டதும்

லினக்சின் புகழ் பரவிய 1990களின் இறுதியில் இணைய விரும்புவோர் தொகை பெருகிற்று. திட்டத்தின் கொள்கையை அறியாதவரும் பொதியாக்கத்தில் தேர்ச்சி இல்லாதவரும் உரிமை பெறுகின்றனர் என்னும் கவலை எழுந்தது. 1999ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதியவர் சேர்க்கை நிறுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ‘புதிய பேணுநர் முறை’ என்னும் பெயரில் ஒழுங்குபடுத்தப்பட்ட விண்ணப்ப முறையுடன் அது மீண்டும் திறக்கப்பட்டது.

இம்முறை பல படிகளைக் கொண்டது. முதலில், ஏற்கெனவே உருவாக்குநராக உள்ள ஒருவர் விண்ணப்பதாரரைப் பரிந்துரைக்க வேண்டும். அடுத்து, விண்ணப்பதாரரின் திறவுகோல் அவருக்கே உரியது என்பது உறுதிப்பட வேண்டும். அதன்பின் விண்ணப்ப மேலாளர் ஒருவர் அமர்த்தப்படுவார். அவர் சமூக ஒப்பந்தம், உரிமங்கள், நடைமுறைகள் ஆகியவை குறித்து வினாக்கள் விடுப்பார். விண்ணப்பதாரர் மனப்பாடமாக அன்றித் தம் சொற்களில் விடை எழுத வேண்டும். பின்னர்ச் செயல்திறன் ஆராயப்படும். இறுதியாக, மேலாளரின் அறிக்கையைக் கணக்கு மேலாளர்கள் பரிசீலித்து முடிவு செய்வர். இவ்விண்ணப்பம் நிறைவடையப் பல திங்கள்களும் ஆகலாம். சிலர்க்கு ஆண்டுகளும் ஆயின.

இத்தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெறுவது. தமிழில் சிறந்த சொல்லாக்கத் திறன் உடைய ஒருவரும் உரிமச் சட்ட நுணுக்கங்களை ஆங்கிலத்தில் விளக்கியே தம் தகுதியை நிறுவ வேண்டியிருந்தது. அவருடைய தமிழை மதிப்பிடும் வாய்ப்பு பெரும்பாலான விண்ணப்ப மேலாளர்க்கு இல்லை. எவ்வாற்றலால் ஒருவர் திட்டத்திற்குப் பயன்படுகிறாரோ அவ்வாற்றல் தேர்வில் இடம்பெறவில்லை; எவ்வாற்றல் அவர் பணிக்கு வேண்டாததோ அதுவே, அதாவது பொதியாக்கமே, தேர்வின் மையமாக இருந்தது.

3. நேரில் காணல்: இந்தியச் சூழல்

திறவுகோல் உறுதிப்பாடு என்னும் படியே இந்தியாவில் உள்ளோர்க்கு மிகுந்த இடர் தந்தது. ஓர் உருவாக்குநர் விண்ணப்பதாரரை நேரில் கண்டு, அரசு வழங்கிய அடையாள ஆவணத்தைப் பார்த்து, அதிலுள்ள பெயரும் திறவுகோலில் உள்ள பெயரும் ஒன்றே எனத் தெளிந்து, அத்திறவுகோலில் தம் கையொப்பத்தை இடுவார். இன்றைய நடைமுறையில் இத்தகைய கையொப்பங்கள் இரண்டு எதிர்பார்க்கப்படுகின்றன. உருவாக்குநர்கள் செறிந்து வாழும் ஐரோப்பிய நகரங்களில் இது ஒரு மாலை நேரச் சந்திப்பில் முடியக்கூடியது. உருவாக்குநர் அரிதாக இருந்த நாட்டில் இது ஒரு பயணம். சில வேளைகளில் ஒரு வெளிநாட்டார் வருகைக்காகக் காத்திருத்தல்.

பெயர் பற்றிய சிக்கல் மொழியியலார் கருதத்தக்கது. ஆவணத்திலும் திறவுகோலிலும் பெயர் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்னும் விதி, இயற்பெயரும் குடும்பப் பெயரும் நிலையாக அமைந்த மரபை மனத்திற்கொண்டது. தமிழர் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கிறது. கடவுச்சீட்டில் அம்முதலெழுத்து விரிந்து, தந்தையின் முழுப்பெயரே குடும்பப் பெயரின் இடத்தில் அமைந்துவிடுவதுண்டு. கன்னட மரபில் ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து வருதல் உண்டு. உரோமன் எழுத்தில் எழுதும்போதும் வேறுபாடுகள் எழுகின்றன. தகரத்தை ஓரெழுத்தால் எழுதுவாரும் ஈரெழுத்தால் எழுதுவாரும் உளர். ழகரத்தை லகரம் போல் எழுதுவாரும் தனிக் கூட்டெழுத்தால் எழுதுவாரும் உளர். ஒருவரது பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் பெயர் மூன்று வடிவில் இருப்பது தென்னிந்தியாவில் வியப்பன்று. அயல்நாட்டு உருவாக்குநர்க்கோ அது ஐயத்திற்கு இடமாகும்.

ஆவணத்தை நோக்கும் இம்முறையின் வலிமையும் வினாவுக்கு உட்பட்டதே. 2006இல் மெக்சிகோவில் நிகழ்ந்த டெபியன் மாநாட்டில், உருவாக்குநர் ஒருவர் எந்த அரசும் வழங்காத ஓர் அடையாள அட்டையைக் காட்டிப் பலரிடம் கையொப்பம் பெற்றார். பின்னர் அதனைத் தாமே வெளிப்படுத்தினார். பழக்கமில்லாத ஆவணத்தை மதிப்பிடுவதில் பார்ப்பவர்க்குள்ள இயலாமை இதனால் புலனாயிற்று. நேரில் காணல் அடையாளத்தை முற்றாக உறுதி செய்வதில்லை; பொறுப்பேற்கும் ஒரு மனிதர் உண்டு என்பதையே அது உறுதி செய்கிறது.

ஒருமுறை கையொப்பம் பெற்றவர்க்கும் இடர் முடிந்துவிடவில்லை. 1024 பிட்டு நீளமுடைய பழைய திறவுகோல்கள் வலிமை குன்றியவை எனக் கருதப்பட்டு, 2015 ஜனவரித் தொடக்கத்தில் திட்டத்தின் கோவையிலிருந்து நீக்கப்பட்டன. புதிய திறவுகோலுக்கு மீண்டும் கையொப்பம் தேட வேண்டியதாயிற்று. மையங்களிலிருந்து தொலைவில் வாழ்ந்தவர்க்கே இது பெருஞ்சுமையாயிற்று.

4. பெங்களூருவின் இடம்

இப்பின்னணியில் பெங்களூருவின் இடம் தெளிவாகும். மென்பொருள் தொழிலாளர் பெருந்தொகையினராக வாழ்ந்த நகரம் அது. கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது, இந்தி ஆகியவற்றைப் பேசுவோர் ஒரே பணியிடத்தில் கூடும் நகரமும் அதுவே. ஆயினும், பிறர் ஆக்கிய கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர் பலராகவும், அதற்குப் பங்களிப்போர் சிலராகவும் இருந்த நிலையே அங்கும் நிலவிற்று. வேலை ஒப்பந்தங்கள் சில, ஊழியர் எழுதும் நிரல் அனைத்தையும் நிறுவனத்திற்கே உரியதாக்கியதும் ஒரு தடையாயிற்று.

2001ஆம் ஆண்டு ‘லினக்ஸ் பெங்களூர்’ என்னும் மாநாடு இந்நகரில் தொடங்கிற்று. இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள ஜே. என். டாட்டா அரங்கம் அதன் தொடக்க ஆண்டுகளோடு தொடர்புடையது. 2005இல் அது ‘ஃபாஸ்.இன்’ எனப் பெயர் மாறி 2012 வரை நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர் 2013இல் மறைந்த அதுல் சிட்னிஸ். பயன்படுத்துவோரைப் பங்களிப்போராக மாற்றுதல் என்பதே மாநாட்டின் வெளிப்படையான குறிக்கோளாக இருந்தது. பன்னாட்டுத் திட்டங்களின் உருவாக்குநர்கள் அங்கு வந்தமையால், நேரில் காண்பதற்குரிய வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறையேனும் தென்னிந்தியாவில் அமைந்தது. சொற்பொழிவைக் காட்டிலும் இடைவேளைச் சந்திப்பு சேர்க்கை முறைக்கு இன்றியமையாததாக இருந்தது என்பது இத்தகைய மாநாடுகளின் தனி இயல்பு.

2012க்குப் பின் அவ்வாய்ப்பு குறைந்தது. டெபியனின் ஆண்டு மாநாடு 2000இல் பிரான்சின் போர்தோ நகரில் தொடங்கியது. இந்தியாவில் அது முதன்முறையாக நடைபெற்றது 2023 செப்டம்பரில், கொச்சியில். பெங்களூருவிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் அம்மாநாடு அமைய இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின என்பது சேர்க்கை முறையின் புவியியலை உணர்த்தும்.

5. தமிழ் மொழிபெயர்ப்பும் பிறர் கையும்

டெபியனின் நிறுவி நிரல் கணினித்திரையில் முதலில் தோன்றுவது. அதன் செய்திகள் ஆங்கில மூலமும் இலக்குமொழித் தொடரும் இணையாக அமைந்த கோப்புகளில் மொழிபெயர்க்கப்படுகின்றன. தமிழுக்கு இதில் இரு தடைகள் இருந்தன. முதலாவது எழுத்துரு. எழுத்து முறைமையில் மட்டும் இயங்கிய பழைய நிறுவி, ஒகர உயிர்மெய்யில் மெய்யின் இருபுறமும் வரும் குறிகளை உரிய இடத்தில் அமைத்துக் காட்ட இயலாதது. 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0, வரைகலை நிறுவியை அறிமுகப்படுத்தியது; அந்நிறுவி 58 மொழிகளில் கிடைத்தது. தமிழ் அவற்றுள் ஒன்று. 2009இல் அவ்வெண்ணிக்கை 63 ஆகவும், 2011இல் 70 ஆகவும் உயர்ந்தது.

இரண்டாவது தடை இலக்கணம். பொதியின் பெயரோ வட்டின் பெயரோ வரவேண்டிய இடத்தில் மூலத்தொடர் ஓர் இடக்குறியைக் கொண்டிருக்கும். அங்கு எப்பெயர் வருமென மொழிபெயர்ப்பாளர் அறியார். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனித்து நிற்பதால் இடரில்லை. தமிழில் வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டுவதால், இன்ன பெயரென அறியாமல் சாரியையும் சந்தியும் அமைத்தல் இயலாது. ஆகவே ‘என்பதை’, ‘என்பதில்’ எனச் சொற்பெய்து உருபைத் தனியே நிறுத்தும் உத்தி கையாளப்பட்டது. அவ்வாறே, ஒரே ‘ஆம் – இல்லை’ இணை எல்லா வினாக்களுக்கும் பொதுவாக வருவதால், ‘வேண்டுமா’ என முடியும் வினாவுக்கு ‘வேண்டாம்’ என்னும் இயல்பான விடை அமைய வழியில்லாது போயிற்று. இத்தகைய குறைகளை மொழிபெயர்ப்புக் கோப்பில் மட்டும் தீர்க்க முடியாது. மூலநிரலில் திருத்தம் வேண்டும். அதற்கும் பதிவேற்ற உரிமை உடையவரின் துணை வேண்டும்.

நிறுவி தவிர்ந்த பிற பொதிகளில் இச்சார்பு மேலும் வெளிப்படை. மொழிபெயர்ப்பாளர் தம் கோப்பை அப்பொதியின் பேணுநர்க்கு அனுப்புவார். பேணுநர் பணிச்சுமையாலோ அக்கறையின்மையாலோ புதிய பதிப்பை ஏற்றாவிடின், முடிந்த மொழிபெயர்ப்பும் கிடப்பில் கிடக்கும். நிலையான வெளியீடு ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. ஆதலின், வெளியீட்டிற்கு முன் தவறிய ஒரு தமிழ்க் கோப்பு மேலும் இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். இக்குறையை நீக்க, டெபியனின் பன்மொழிப் பணிகளை ஒருங்கிணைத்த பிரெஞ்சு உருவாக்குநர் கிறிஸ்தியான் பெரியே ஒரு வழி கண்டார். கவனிப்பாரற்ற பொதிகளைத் தேர்ந்து, பேணுநர்க்கு முன்னறிவிப்புத் தந்து, எல்லா மொழிகளின் நிலுவைக் கோப்புகளையும் திரட்டித் தாமே ஏற்றுவார். பல மொழியாளர் உழைப்பு ஒருவர் கையொப்பத்தின் வழியே உலகை அடைந்தது. இது நன்மையே எனினும், மொழிபெயர்ப்பாளர் பிறர் கையை நம்பியே நின்றனர் என்பதையும் இது காட்டுகிறது.

6. உரிமை பிரிக்கப்படல்: 2007, 2010

இருவேறு பொதுத் தீர்மானங்கள் இந்நிலையை மாற்றின. 2007இல் ஏற்கப்பட்ட தீர்மானம் ‘டெபியன் பேணுநர்’ என்னும் இடைநிலையை உருவாக்கிற்று. இந்நிலையினர் குறிப்பிட்ட பொதிகளை மட்டும் பதிவேற்றலாம், வாக்குரிமை இல்லை. குடியுரிமையின்றித் தொழிலுரிமை வழங்கப்பட்டது.

2010 அக்டோபரில் நிறைவேறிய தீர்மானம் இதன் மறுதலை. அக்காலத் தலைவர் ஸ்தெஃபானோ சாக்கிரோலி முன்மொழிந்த அத்தீர்மானம், பொதியாக்கம் அல்லாத பணிகளால், அதாவது மொழிபெயர்ப்பு, ஆவணமாக்கம், வடிவமைப்பு போன்றவற்றால், திட்டத்திற்கு நெடிது பங்களித்தோரையும் உருவாக்குநராக ஏற்க வழிசெய்தது. இவர்களுக்குப் பதிவேற்ற உரிமை இல்லை. ஆனால் வாக்குரிமை முழுமையாக உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம், தாமே தலைவர் பதவிக்கும் நிற்கலாம். தொழிலுரிமையின்றிக் குடியுரிமை வழங்கப்பட்டது. பின்னர் ‘புதிய பேணுநர் முறை’ என்னும் பெயரும் ‘புதிய உறுப்பினர் முறை’ என மாறிற்று.

இம்மாற்றத்தால் மொழிபெயர்ப்பாளரின் சார்பு முற்றும் நீங்கிவிடவில்லை. கோப்பை ஏற்றுவதற்கு மற்றொருவர் இன்றும் வேண்டும். கொள்கைத் தேர்வும் திறவுகோல் உறுதிப்பாடும் இவர்களுக்கும் உண்டு. ஆயினும், முன்னர் இரந்து நின்ற நிலை மாறி, விதிகளை ஆக்கும் அவையில் இடம் கிடைத்தது. ஒரு பொதியின் பேணுநர் மொழிபெயர்ப்புகளைப் புறக்கணிப்பது பற்றிய வாதத்தில், மொழிபெயர்ப்பாளர் இனி வெளியார் அல்லர்.

7. சொல்வழிக் குறிப்பு

இவ்வரலாறு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் ஒரு படிப்பினை தருகிறது. ‘உருவாக்குநர்’ என இங்கு ஆளப்படும் ஆங்கிலச் சொல்லை ‘நிரலாளர்’ எனத் தமிழாக்குவாரும் உளர். 2010க்கு முன் அது பெரும்பாலும் பொருந்தியிருக்கலாம். அதன் பின்னரோ, ஒரு வரி நிரலும் எழுதாதவர் அப்பெயருக்கு உரியவராதலின், ‘நிரலாளர்’ என்பது பொருளைக் குறுக்கிவிடும். ‘உருவாக்குநர்’ என்பது இருவகையாரையும் தழுவும். வாக்குரிமை பேசப்படும் இடத்தில் ‘உறுப்பினர்’ என்பது மேலும் தெளிவு தரும். ‘பேணுநர்’ என்பதைப் பொதியைக் காத்துவருபவர் என்னும் பொருளுக்கே வரையறுத்தல் நன்று. ஒரு சமூகம் தன் விதியை மாற்றும்போது சொல்லின் வடிவம் மாறாமலே பொருள் விரிவதுண்டு. அவ்விரிவை அறியாத மொழிபெயர்ப்பு பழைய விதியையே மொழிபெயர்த்துவிடும்.

முடிவுரை

டெபியனின் சேர்க்கை முறை ஐயத்தால் மட்டும் உருவானதன்று. ஒரு கையொப்பத்தின் பின் எண்ணற்ற கணினிகளின் பாதுகாப்பு நிற்பதால் உருவானது. அக்கடுமை தேவையானதே. ஆயின், அது இரண்டு கருதுகோள்களைத் தன்னுள் கொண்டிருந்தது: பங்களிப்பு என்பது பொதியாக்கமே என்பது ஒன்று; சான்று கூறுவோர் அருகிலேயே இருப்பர் என்பது மற்றொன்று. முதலாவதை 2010ஆம் ஆண்டுத் தீர்மானம் திருத்திற்று. இரண்டாவது, பெங்களூருவின் ஆண்டுக் கூடல்களாலும் கொச்சி மாநாட்டாலும் ஓரளவு ஈடுசெய்யப்பட்டதேயன்றி முற்றும் நீங்கவில்லை.

தென்னிந்திய மொழிகளில் கணினிப் பணி புரிவோர்க்கு இதிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. நல்ல மொழிபெயர்ப்பை ஆக்குவதோடு பணி நிறைவுறுவதில்லை. அது சென்று சேரும் வாயிலில் தம்மவர் நிற்றலும் வேண்டும். பதிவேற்ற உரிமை உடைய ஒருவரும், வாக்குரிமை உடைய மொழிபெயர்ப்பாளர் சிலரும், இருவரையும் நேரில் இணைக்கும் ஒரு கூடலும் அமைந்தாலன்றி, எழுதி முடித்த தமிழ் அடுத்த வெளியீட்டிற்காகக் காத்துக்கிடக்கும் நிலை தொடரவே செய்யும்.